தலைவரின் அரண்மனை மெஷின்

கோவையில் பழைய தையல் மெஷின் பிரியர்கள் தங்கள் மெஷின்களை மேசைகளில் வைத்துக் கூடியிருந்தார்கள். நூல் மில்லில் வேலை பார்க்கும் தெய்வாத்தாளும் வந்திருந்தாள். காயலான் கடையில் வாங்கி, மண்ணெண்ணெயால் துரு போக்கி, தானே ஓட வைத்த மெஷின் அவள் கையில்.

“காயலான் கடைச் சாமானுக்கு இங்க மேசை கிடையாது” என்றார் சங்கத் தலைவர் வேலுச்சாமி. “என் மெஷினைத் தொடாமலே அதோட வயசு தப்புன்னு காட்டு, மேசை தர்றேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நூத்தியெழுபது வருஷம். என் பாட்டனுக்குப் பாட்டன் அரண்மனையில வாங்கினது.”

தெய்வாத்தாள் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “அத்தனை பழசுன்னா பாகமெல்லாம் மாத்தியிருப்பீங்களே?”

“ஒரு திருகுகூட மாத்தல. வந்தது வந்தபடியே இருக்குது.”

“ஊசி முனை சரியாத் தெரியலீங்க. கொஞ்சம் வெளிச்சம் வேணும்.”

தலைவர் பெருமையோடு மெஷினின் கழுத்திலிருந்த சுவிட்சைப் போட்டார். உள்ளே பதித்திருந்த பல்பு பளிச்சென்று எரிந்தது.

“அந்தக் காலத்து அரண்மனையில கரண்டும் இருந்துச்சுங்களா?” என்று கேட்டாள் தெய்வாத்தாள்.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. தலைவர் அசடு வழிந்தபடி, தாமே அவளுக்கு ஒரு மேசையை இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நெசமா எத்தனை வருஷம் இருக்கும்?” என்றார்.

“அறுபதுக்குள்ளதாங்க. பாவம், எண்ணெயைக் கண்டே ரொம்ப நாளாச்சு” என்று சொல்லித் தன் எண்ணெய்க் குப்பியைத் திறந்தாள் தெய்வாத்தாள்.