செங்கமல ராணியின் முதல் அடி

முன்னொரு காலத்தில் செருப்பே இல்லாத ஒரு தேசம் இருந்தது. தோலுக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். தைக்க ஆள் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். எல்லாம் இருந்தது. ராஜாவுக்கு ஒரு துக்கம் வந்தது. அது ஊர்க்காரர்களின் தலையில் விடியாமல் காலில் வந்து விடிந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ராஜாவின் பெயர் வீரகேசரி. ராணி செங்கமலவல்லி. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றே நாள்தான், ராணி போய்விட்டாள். பதினெட்டு வருஷம் கூடவே வாழ்ந்தவளை மூன்று நாளில் பறிகொடுத்த மனுஷன் என்ன செய்வார்? சாப்பாட்டைத் தொட மாட்டார், யாரிடமும் பேச மாட்டார். பேசினால் ஒரே பேச்சு.

"தினமும் விடிந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் குனிவாள். கையைத் தரையருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஏதோ முணுமுணுப்பாள். வெகுநேரம் அப்படியே இருப்பாள். பூமித்தாயை மிதிக்குமுன் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு பக்தியை யாரிடம் இனி காண்பேன்?"

ராணி உயிரோடிருந்தபோதே இதைச் சபையில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். பதினேழு புலவர்களைக் கூப்பிட்டு, அவள் குனிந்து தொழும் அழகைப் பாடச் சொல்லிப் பட்டாடை போர்த்தியவர். அவள் போனபிறகு அந்தப் பாட்டெல்லாம் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. 'அவள் தொழுத மண்ணை நாம் செருப்பால் மிதிப்பதா?' என்று ஒருநாள் தோன்றிவிட்டது. தம் பாதுகைகளை முதலில் அவரே கழற்றி எறிந்தார். மறுநாள் ஊரெல்லாம் முரசு கொட்டியது.

"இன்று முதல் செருப்போடு எவரும் ராஜாவின் மண்ணில் கால் வைக்கலாகாது! மீறுகிறவர் நாடு கடத்தப்படுவார்!"

பிரதானி நரசப்பர் ராஜ விசுவாசத்தைக் காட்ட வேண்டாமா? தம் வீட்டிலிருந்த எட்டு ஜோடிச் செருப்பையும் கடைவீதியில் கொண்டுவந்து குவித்துத் தீ வைத்தார். தோல் கருகிய நாற்றம் ஊரைவிட்டுப் போக இரண்டு நாளாயிற்று.

அப்புறம் பார்க்க வேண்டுமே ஊரை! வண்டிக்காரன் முள் குத்தி நொண்டினான். களத்து மேட்டில் பெண்கள் சுடுமண்ணில் துள்ளித் துள்ளி நடந்தார்கள். "ராணியம்மா நல்லவங்கதான், யாரு இல்லேன்னா? அதுக்காக எங்க பாதம் பாளம் பாளமா வெடிக்கணுமா?" என்று கிணற்றடியில் முணுமுணுத்தார்கள். உரக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஒரே ஒருவனுக்கு மட்டும், வாயைத் திறந்தால் இத்தனையும் ஒரு நொடியில் தீர்ந்துவிடும் என்று தெரியும். ஆனால் அவன்தான் திறக்கக்கூடாது. அவன் கோனேரி, அந்தச் சபையின் விகடன்.

விகடன் என்றால் சபையில் உட்கார முடியாது. நின்றுகொண்டேதான் சிரிக்க வைக்க வேண்டும். இருபது வருஷம் கருங்கல் தரையில் கால் கடுக்க நின்றதில் கோனேரிக்குக் குதிகால் வாதம் வந்துவிட்டது. ஒருநாள் நந்தவனத்துத் தூணில் சாய்ந்து குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பூப்பறிக்க வந்த ராணி பார்த்துவிட்டாள்.

"எழுந்ததும் வைக்கிற முதல் அடியில்தானே உயிர் போகிறது, கோனேரி? பத்தடி நடந்தால் சற்று அடங்கும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே கதை."

"அம்மா, தங்களுக்கு எப்படி..."

"எனக்கும் அதுதான். மூன்று வருஷமாக."

ராணி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பூமியைத் தொழுகிறேன் என்று உம் மகாராஜா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாரே, அது இந்தக் குதிகாலைப் பிடித்துவிடுவதுதான். முணுமுணுப்பது மந்திரமில்லை. 'அம்மா, அம்மா' என்று முனகுகிறேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்த கண்ணில் தண்ணீர் நின்றது. "புலவர்கள் வேறு பாடிவிட்டார்கள். இனிமேல் போய் வலி என்று சொன்னால் அவர் முகம் என்னவாகும்?"

அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒரே வலி, ஒரே ரகசியம். கோனேரி தனக்குத் தெரிந்த பக்குவமெல்லாம் சொன்னான். செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலையைப் பரப்பி, பொறுக்கிற சூட்டில் குதிகாலை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். கட்டிலைவிட்டு இறங்குமுன் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, விரல்களைத் தன் பக்கம் மெல்ல இழுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது குழவிக் கல்லை உள்ளங்காலுக்கு அடியில் போட்டு உருட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வெறுங்காலோடு கல்தரையில் நிற்கவே கூடாது.

செருப்பு தைக்கும் முத்திருளனிடம் தனக்கென்று சொல்லி ஒரு ஜோடி தைத்துவந்தான். 'பொம்பளை அளவுல இருக்கே சாமி?' என்று அவன் கேட்டதற்கு, 'நான் சுருங்கிக்கிட்டு வர்றேன்டா' என்று சமாளித்தான். குதிகால் பக்கம் தடித்த தோல், அதன்மேல் இலவம்பஞ்சு, உள்ளங்கால் வளைவைத் தாங்க நடுவில் ஒரு சின்ன மேடு. ராணி அதில் காலை நுழைத்து எழுந்தாள். நின்றபடியே நின்றாள்.

"கோனேரி, தரை இவ்வளவு மெத்தென்றா இருக்கும்?" என்றாள்.

ராஜா வரும் ஓசை கேட்டால் கழற்றிக் கட்டிலடியில் தள்ளிவிடுவாள். காய்ச்சலின் மூன்றாம் நாள் கோனேரியை அழைத்து, அந்தச் செருப்பை அவன் கையில் கொடுத்தாள். "இதைக் கட்டிலடியில் பார்த்தால் அவர் நொந்துபோவார். எடுத்துப் போய்விடும். உம் வாயால் அவரிடம் எதையும் சொல்லக்கூடாது." கோனேரி அவள் காலைத் தொட்டு வாக்குக் கொடுத்தான். குதிகால் அப்போதும் கல்லாக இறுகியிருந்தது.

இப்போது சொல்லுங்கள், அவன் என்ன செய்வான்? வாக்கைக் காப்பாற்றினால் ஊரே நொண்டுகிறது. மீறினால் ராஜாவுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடும்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு பொழைக்கும்ல?" என்று அவன் மனைவி வள்ளியம்மை தினமும் கேட்பாள். அவன் குதிகாலுக்குச் செங்கல் சூடு காட்டிக்கொண்டே கேட்பாள்.

"கண்ண மூடப்போறவங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டேன்டி," என்பான்.

ராணி இருந்த காலத்திலேயே, கோனேரியைப் பார்த்து ராஜா சிரித்த ஒவ்வொரு முறையும் நரசப்பருக்கு வயிறு எரிந்தது. அவனை ஒழித்துக்கட்ட இதுதான் சமயம் என்று அவருக்குத் தோன்றியது. நாற்பத்தோராம் நாள், ராணியின் சமாதிக்கு எல்லோரும் ஊர்வலமாகப் போக வேண்டும். ஆற்றங்கரை வரை சரளைக்கல் பாதை. "மகாராஜா, ராணியாரின் அன்புக்குப் பாத்திரமான கோனேரியே நந்தாவிளக்கை ஏந்தி முன்னே நடக்கட்டும். நடை பிசகி விளக்கு அணைந்தால் அது ராணியாருக்குச் செய்த அவமதிப்பாகும்" என்றார். ராஜா தலையசைத்துவிட்டார்.

அன்று காலை அரண்மனை வாசலில் கூட்டம் கூடியிருந்தது. விளக்கோடு கோனேரி வந்தான். காலில் செருப்பு!

"பிடியுங்கள் இவனை!" நரசப்பரின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மகாராஜா, ஆணையை மீறிவிட்டான்! நாடு கடத்துங்கள்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "கோனேரி! இன்றைக்குமா? அவளுக்காக நாலடி வெறுங்காலோடு நடக்க உனக்கு மனமில்லையா?"

"மகாராஜா, ஆணை என்ன? செருப்போடு எவரும் தங்கள் மண்ணில் கால் வைக்கலாகாது. அடியேன் எங்கே வைத்தேன்? என் கால் செருப்பின்மேல் இருக்கிறது. மண்ணில் இருப்பது செருப்புதான். குற்றவாளி அது. அதை நாடு கடத்துங்கள். பாவம், அதற்குத் தனியாக நடக்கத் தெரியாது. எல்லைவரை நான் மாட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறேன்."

கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. ராஜாவின் உதடுகூட லேசாகத் துடித்தது. ஆனால் மறுகணமே கண் கலங்கிவிட்டது.

"விகடம் போதும். பூமியைத் தொழுதவளின் நினைவு உனக்கு விளையாட்டாகிவிட்டது."

கோனேரி ராஜாவின் பாதங்களைப் பார்த்தான். ஆணையிட்ட நாளிலிருந்து அவரும் வெறுங்கால். சிம்மாசனத்திலிருந்து எழுந்தால் முன்பாதத்தை ஊன்றி, குதிகால் படாமல் நாலடி வைக்கிறார். அந்த நடை கோனேரிக்குத் தெரியாதா? அவன் பிரதானியின் பக்கம் திரும்பினான்.

"ஐயா, தினமும் காலையில் மகாராஜாவின் அறை வாசலில் நிற்பவர் தாங்கள். அவர் எழுந்ததும் என்ன செய்கிறார் என்று சபைக்குச் சொல்லுங்களேன்."

முகஸ்துதிக்கு வாய்ப்புக் கிடைத்தால் நரசப்பர் விடுவாரா? மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆகா, என் கண்ணால் கண்டேன்! ராணியாரைப் போலவே மகாராஜாவும் கட்டில் ஓரத்தில் அமர்ந்து, குனிந்து, கண்மூடி, உதடு முணுமுணுக்கப் பூமித்தாயைத் தொழுகிறார்! என்னே பக்தி!"

"நான் எங்கே தொழுதேன்?" ராஜா எரிந்து விழுந்தார். "குதிகாலில் உயிர் போகிற வலி. பிடித்துவிட்டுக்கொண்டு 'அம்மா' என்று..."

அதோடு நின்றுவிட்டார். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

மெல்ல அவன் பக்கம் திரும்பி, "கோனேரி, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"என் வாயால் சொல்லமாட்டேன் என்று ராணியம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், மகாராஜா. என் கை வாக்குக் கொடுக்கவில்லை."

மடியிலிருந்து ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து நீட்டினான். ராஜா வாங்கினார். உள்ளே கையை விட்டுத் தடவினார். இலவம்பஞ்சில் ஒரு சின்னக் குதிகாலின் பள்ளம் அப்படியே இருந்தது.

"பதினேழு புலவர்கள்!" என்றார். "ஒரு குதிகால் வலியைப் பதினேழு புலவர்களை வைத்துப் பாடவைத்திருக்கிறேன், கோனேரி!" விழுந்து விழுந்து சிரித்தார். ராணி போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"பக்கத்திலேயே படுத்திருந்தேனே. பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஏன் அவள் என்னிடம் சொல்லவில்லை?"

கோனேரிக்கு விகடம் ஒன்றும் வரவில்லை.

"தாங்கள் கேட்கவில்லையே, மகாராஜா" என்றான்.

அன்றே ஆணை நீங்கியது. ஊர்வலத்தில் எல்லோரும் செருப்போடு நடந்தார்கள். நந்தாவிளக்கை நரசப்பர் ஏந்தட்டும் என்று ராஜா சொல்லிவிட்டார். எட்டு ஜோடியையும் எரித்த மனுஷன் அல்லவா? சரளைக்கல்லில் அவர் நடந்த அழகைப் பார்த்துக் கூட்டம் துக்கத்திலும் வாயைப் பொத்திக்கொண்டது. ராஜா மட்டும் ராணியின் செருப்பைக் கையில் ஏந்தி, சமாதிவரை அவளுக்குத் துணையாகப் போவதுபோல் மெல்லப் போனார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் திரும்பி வந்ததும்.

"சபையில் உட்கார ஒரு மணை, மகாராஜா."

மணை வந்தது. அதோடு, சபைக்கு யார் வந்தாலும், வழக்கை விசாரிக்குமுன் ராஜா அவரை உட்காரச் சொல்லி, 'கால் வலிக்கிறதா?' என்று கேட்கத் தொடங்கினார். அது அரண்மனையிலிருந்து வீடுகளுக்குப் பரவி, ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது. வாசலில் யார் வந்து நின்றாலும், "ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க, கால் வலிக்குமே" என்று அந்தத் தேசத்தில் இன்றைக்கும் சொல்கிறார்களாம். அந்த ஒரு வார்த்தையைப் பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் காதால் கேட்காமல் போனவள் செங்கமல ராணி மட்டும்தான்.