பங்காளி, ஏறு!

“இனிமேல் ‘பங்காளி’ என்று கூவாதே!” என்று கத்திக்கொண்டே சாம்பல் கிளி உச்சிக்கிளையில் வந்து உட்கார்ந்தது.

கொண்டையன் என்ற மரத்து மங்காபே குரங்கு, கையிலிருந்த பழத்தை நழுவவிட்டது. “ஏன்?”

“ஆராய்ச்சிக்காரர்களின் கூடாரத்தில் கேட்டேன். உன் அறிவியல் பெயருக்கும் கீழே தரையில் திரியும் மங்காபே வெள்ளிமையின் பெயருக்கும் முதல் பாதி ஒன்றாக இருந்ததல்லவா? அது தப்பாம்! நீ பபூன் குரங்குக்கு நெருக்கம். அது மாண்ட்ரில் குரங்குக்கு நெருக்கம். பெயரைப் பிரித்துவிட்டார்கள்!”

அடிமரத்தில் பல்லால் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த வெள்ளிமை அண்ணாந்து பார்த்தது. அதன் வெளுத்த இமைகள் படபடத்தன. வயிற்றில் குட்டி தொங்கியது.

“அண்ணே, அப்படியானால் சிறுத்தை வந்தால்?”

சிறுத்தையைக் கண்டதும் கொண்டையன் மேலிருந்து “பங்காளி, ஏறு!” என்று கூவும். அதற்காக வெள்ளிமை தான் உடைக்கும் கொட்டையில் ஒரு பங்கை வேரின்மேல் வைக்கும். அதுதான் அவர்கள் வழக்கம்.

“கூவுவேன். என்ன சொல்லிக் கூவுவது என்றுதான் தெரியவில்லை.”

“சிறுத்தையிடம் சொல்லிவை! நீ யோசித்து முடிக்கும்வரை பொறுத்திருக்கும்!” என்றது வெள்ளிமை.

“தப்பாகக் கூவினால் காடே சிரிக்கும்!” என்றது கிளி.

அன்று வேரின்மேல் பங்கு இல்லை. ஒவ்வொரு கடிக்கும் வெள்ளிமை திரும்பித் திரும்பிப் பார்த்தது. சருகு அசைந்தால் குட்டியை இறுக்கியது. மேலே கொண்டையனும் எதையும் தின்னவில்லை. “உறவே... அயலாரே... தூரத்துச் சொந்தமே...” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எதுவும் வாயில் நிற்கவில்லை.

மாலையில் புதர் அசைந்தது. புள்ளிகள் நகர்ந்தன.

கொண்டையன் வாயைத் திறந்தது. “தூ... தூரத்து...”

குரல் கீழே எட்டவில்லை. வெள்ளிமை புதருக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தது. சிறுத்தை பதுங்கியது.

“பங்காளி, ஏறு!”

வெள்ளிமை குட்டியோடு கொடியைப் பற்றித் தாவியது. சிறுத்தையின் நகத்தில் வால்நுனி மயிர் மட்டுமே சிக்கியது.

“தப்பு! தப்பாகக் கூவிவிட்டாய்!” என்றது கிளி.

வெள்ளிமையும் கொண்டையனும் ஒரே கிளையில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தன. கீழே சிறுத்தை ஒருமுறை சுற்றிவிட்டுப் போனது.

பெயர்கள் பிரிந்தாலும் பிரியட்டும். ஆபத்தில் எழும் குரல் உறவுமுறை தேடித் தயங்கக் கூடாது.

வெள்ளிமை இறங்கி வந்தது. ஒரு கொட்டையைக் கடித்து உடைத்து, பாதிப் பருப்பை வேரின்மேல் வைத்தது.