கிழக்குச் சுவர் மடங்கிய விதம்

"பிறத்தியார் சேத்து வச்சதுக்கு மேல நின்னுக்கிட்டு..." என்று பெரியப்பா ஆரம்பிப்பார். மீதி எனக்கு மறந்துவிட்டது. அதற்குப் பின் அவர் சொல்லும் கதை மறக்கவில்லை.

அந்தக் காலத்தில், எறும்பு பேசினால் மனுஷர் குனிந்து கேட்ட காலத்தில், பனையங்குளத்தில் வங்கி கிடையாது. ஊரார் சேமிப்பெல்லாம் அடுக்குப்பானைக்குள் கிடந்தது. உப்பு வியாபாரி குலசேகரன் முதலாளிதான் வங்கிக் கட்டடம் எழுப்பத் துணிந்தார். கருங்கல் தூண், பர்மாத் தேக்கில் கதவு, முகம் பார்க்கலாம் போல மின்னும் சுண்ணாம்புச் சுவர் என்று திட்டம். கடைத்தெருவில் சவாலும் விட்டிருந்தார்: "என் சுவரில் நூல் பிடிச்சுப் பாருங்க. ஒரு நெல்மணி அளவு கோணினாலும் யாரும் இங்கே காசு போட வேண்டாம்."

"பார்ப்போம்" என்று ஊர் காத்திருந்தது.

கிழக்குச் சுவருக்கு அஸ்திவார வாணம் தோண்டியதும் கறுப்பெறும்புகள் சாரிசாரியாக வந்து மண்ணைக் கிளறின.

"காரையில் கலக்கக் கருப்பட்டி ஊறப் போட்டிருக்கோம்லா, அந்த வாசம்," என்றார் பிச்சாண்டி மேஸ்திரி. "ஒண்ணைத் தூரமா வச்சிருவோம் முதலாளி. மாப்பிள்ளைமார் அங்கே போயிருவாங்க."

வேப்பமரத்தடியில் கருப்பட்டி வைத்தார்கள். எறும்புகள் அதைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி வாணத்தில் இறங்கின.

முதலாளி குனிந்தார். "ஏன், எங்க ஊர்க் கருப்பட்டி உங்களுக்கு இளக்காரமா?"

"இனிப்புக்கு வரலை ஐயா," என்றது முன்னால் வந்த எறும்பு. "வாசலைத் தேடுதோம். இதுக்குக் கீழேதான் எங்க பத்தாயம். மழைக்காலத்துக்குச் சேத்த கம்பு அத்தனையும் உள்ளே. நீங்க கல்லை இறக்கிட்டா பிள்ளைகள் பட்டினி."

"எறும்புக்குப் பத்தாயமா!" மேஸ்திரி சிரித்தார்.

எறும்பு அவரைச் சட்டை செய்யவில்லை. "பந்தலில் பலகை தொங்குதே ஐயா. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கு?"

முதலாளியே சொல்லி எழுதவைத்த பலகை. வாய்விட்டு வாசித்தார். "சேர்த்தவர் பொருள் இங்கே பத்திரம்."

"சேத்தவங்கன்னா யார் யாரு?"

முதலாளி பலகையை மறுபடி அண்ணாந்து பார்த்தார். மேஸ்திரிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "விலக்கிக் கட்டினா சுவர் முழங்கையாட்டம் மடங்கிரும் முதலாளி," என்றார் மெதுவாக. "நீங்க விட்ட சவால் என்னாகும்? கடைத்தெருவே சிரிக்குமே."

இன்றைக்குப் போனாலும் பார்க்கலாம். ஊரில் எல்லார் சேமிப்பும் அந்தக் கட்டடத்தில்தான். மற்ற மூன்று சுவரும் நூல் பிடித்தாற்போல நிற்கின்றன. எத்தனையோ புயல் அடித்தும் ஒரு கீறல் கிடையாது. புதிதாக மாற்றலாகி வரும் மேனேஜர் கிழக்குச் சுவரைப் பார்த்து, "கொத்தனாருக்குக் கண் தெரியாதோ?" என்று கேட்டால், வரிசையில் நிற்கும் எங்கள் ஊர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மடக்கில் ஊரும் எறும்புச் சாரியைக் காட்டுவார்கள்.

அந்த மடக்கு அன்றுதான் விழுந்தது. கடைத்தெருவே பார்த்திருக்க, குலசேகரன் முதலாளி சுவர்க்கோட்டுக்கு நூல் கட்டியிருந்த முளைக்குச்சியைத் தம் கையால் பிடுங்கி, எறும்பு வளையை விட்டு உள்ளே தள்ளி ஊன்றினார்.