வாய்ச் சோதனை

ரொம்பக் காலத்துக்கு முன்னே நெடுங்கரை என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் மகுடபூபதி ராஜா. ஆண்டவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் அவர் மனசில் பட்டது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும். அதோடு மல்லுக்கட்டுவது குடிகளின் தலையெழுத்து.

ஒரு நாள் வெற்றிலையும் புகையிலையுமாகக் குதப்பிக்கொண்டிருந்தபோது, ராஜாவின் முன்பல் ஒன்று பாக்கோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனி என் நாட்டில் யாரும் வெற்றிலை போடக்கூடாது! குடிகளின் பல்லைக் காப்பது அரசன் கடமை!"

சபையில் முதலில் தலையாட்டியவர் அமைச்சர் குழந்தைவேலர். அவர் மனைவி புகையிலைப் பழக்கத்தால் வாயில் புண் வந்து, புரையோடி, ஒரு வாய் கஞ்சி இறங்காமல் செத்துப்போனவள். வெற்றிலைப் பெட்டியைக் கண்டாலே அவருக்கு அடிவயிறு எரியும். நல்ல சட்டம்தானே என்று நினைத்தார்.

நல்ல சட்டம்தான். ஆனால் அது மாசிலாமணியின் கையில் போய்ச் சேர்ந்தது. அமைச்சர் பதவி மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த உத்தியோகஸ்தன் அவன். "வாய்ச் சோதனையை அடியேனிடம் விடுங்கள் மகாராஜா" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். வெற்றிலைக் கொடிக்கால்களை வெட்டிச் சாய்த்தான். சந்தைக்குப் போனால் நாக்கை நீட்டு, கோயிலுக்குப் போனால் நாக்கை நீட்டு. நாவல்பழம் தின்றவர்கள்கூட முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கடைசியில் அரண்மனையில் நெல் குத்தும் வெள்ளைச்சி பிடிபட்டாள். வெள்ளிக்கிழமை அவள் உதட்டில் சூடு போடுவதென்று தீர்ப்பு.

குழந்தைவேலர் சிறைக்குப் போனார். "ஏனம்மா, சட்டம் தெரியாதா?"

"தெரியும் சாமி. நெல்லுக் குத்துறது நானு, சோறு திங்கிறது நீங்க. எனக்கு ஒரு வேளைக் கஞ்சிதான். மத்த நேரம் வெத்தலையை அதக்கிக்கிட்டா வயிறு கொஞ்சம் சும்மா கிடக்கும். சோறு போடச் சொல்லுங்க, இந்தக் கருமத்தை இப்பவே விட்டுர்றேன்."

அமைச்சருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ராஜாவிடம் ஓடினார்.

"முதலில் தலையாட்டியது நீர்தானே? இப்போது என்ன புதிதாக ஈரம்?" என்று ராஜா வாயை அடைத்துவிட்டார்.

அதே வெள்ளிக்கிழமைதான் இளவரசிக்கு நிச்சயதாம்பூலம். சுபகாரியம் நடக்கிற அன்றைக்கு, விருந்தாளிகள் போகும்வரை யாரும் சூட்டுக்கோலைத் தொடமாட்டார்கள் என்று அமைச்சர் கணக்குப் போட்டார். அவர் மனசில் இன்னொன்றும் உறுத்திக்கொண்டிருந்தது. ராஜாவிடம் வாய் பொத்திப் பேசுவது சபை வழக்கம். கொஞ்ச நாளாக மாசிலாமணி வாயிற்காவலனிடமும் வாய் பொத்தியே பேசுகிறான்!

வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார், மேலமலை ராஜா, பரிவாரத்தோடு வந்து உட்கார்ந்தார். தட்டு வந்தது. தேங்காய், பழம், மஞ்சள், பூ எல்லாம் இருந்தன.

"வெற்றிலை எங்கே?" என்றார் மேலமலை ராஜா. "தாம்பூலம் மாற்றாமல் நிச்சயமா? பெண் கொடுக்க மனசில்லை என்றால் சொல்லிவிடலாமே சம்பந்தி!" சால்வையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மகுடபூபதிக்கு வேர்த்துக் கொட்டியது. "குழந்தைவேலரே, என்ன இது?"

"தங்கள் சட்டம்தான் மகாராஜா. நாட்டில் ஒரு இலை இல்லை. மாசிலாமணி வேலை அவ்வளவு சுத்தம்."

"சட்டம் கிடக்கட்டும்! யார் வெற்றிலை கொண்டுவந்தாலும் கேட்டதைத் தருகிறேன்!"

மாசிலாமணியின் கண்ணில் அமைச்சர் ஆசனம் மின்னியது. விழுந்தடித்து ஓடினான். ஒரு தாம்பாளம் நிறையக் கொழுந்து வெற்றிலையோடு வந்து நின்றான். தாம்பூலம் மாற்றி, மேளம் கொட்டி முடிந்தது.

"அருமையான இலை" என்றார் குழந்தைவேலர். "ஏது மாசிலாமணி?"

வாயைப் பொத்திக்கொண்டு, "பறிமுதல் செய்தது" என்றான்.

"பறிமுதல் செய்தது சருகாகியிருக்குமே! இது இன்று காலையில் கிள்ளியது. காம்பில் ஈரம் காயவில்லை. எங்கே, கையை எடும். நாக்கை நீட்டும்."

சோதனைக்காரன் நாக்கு செக்கச்செவேலென்று வெளியே வந்தது. மேலமலை ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகுடபூபதிக்கு மானம் போயிற்று. மாசிலாமணியின் தலைப்பாகையைக் கழற்றி, நீட்டிய நாக்கோடு சபையைச் சுற்றிவர வைத்தார். கள்ளனைப் பிடித்துக் கொடுத்த அமைச்சர் கையில் இலை நிரப்பிய ஒரு வெள்ளி வெற்றிலைப் பெட்டியைத் திணித்து, "என்ன வேண்டும், கேளும்!" என்றார்.

"வெள்ளைச்சியை விடுங்கள்."

"விட்டேன்! அந்தச் சட்டமும் ஒழிந்தது, போம்!"

வயதையும் மறந்து குழந்தைவேலர் சிறைக்கு ஓடினார். காவலன் எழுந்து கும்பிட்டான்.

"அவளுக்கு அப்பவே ஆச்சு சாமி. நல்ல நேரத்துல செய்யக்கூடாதுன்னு, மாசிலாமணி ஐயா ராகு காலத்துலேயே முடிக்கச் சொல்லிட்டாரு."

வெள்ளைச்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உதடு கொப்பளித்து வீங்கியிருந்தது. அமைச்சர் அவள் எதிரில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து ஒரு வெற்றிலையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அது எத்தனை கேவலம் என்று உறைத்தது. அவள் அதைத் தள்ளிவிட்டு வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

கஞ்சி வந்தது. கிண்ணம் பட்டதும் துடித்துப்போனாள். அவர் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்று வாங்கிவரச் சொல்லி, சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். மனைவிக்கும் கடைசி நாளில் இப்படித்தான் புகட்டினார். புகையிலை செய்ததைச் சட்டமும் செய்துவிட்டதே என்று நினைத்தபடியே அடுத்த சொட்டை விட்டார்.

வெளியே தண்டோரா கேட்டது. விருந்தில் சம்பந்தி மூக்குப்பொடி போட்டுத் தும்மியது ராஜாவின் பாயசத்தில் தெறித்ததாம். இனி நாட்டில் யாரும் பொடி போடக்கூடாதாம்.

இந்த முறை முதலில் தலையாட்டக் குழந்தைவேலர் சபையில் இல்லை. அதனால் என்ன குறைந்துபோயிற்று? அங்கே தலைகளுக்கா பஞ்சம்?