வரதராஜுலு கண்டெடுத்த மூன்று இழைகள்

“அந்தப் பொம்பளைய வெளிய அனுப்பினாத்தான் எனக்குச் சோறு இறங்கும், டீச்சர்.”

வரதராஜுலு இதைச் சொன்னபோது கதவைக்கூட முழுதாகத் திறந்திருக்கவில்லை.

கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து செய்கிற தொழிற்சாலை அது. செங்கல்பட்டைத் தாண்டி, ஏரியை ஒட்டி இருக்கிறது. மருந்தைப் புட்டியில் நிரப்பும் அறைக்குப் பெயர் க்ளீன் ரூம். அதற்குள் ஒரு முடி, ஒரு நூலிழை இருந்தாலும் அன்றைய மருந்து முழுவதும் குப்பைக்குப் போகும். போகத்தான் வேண்டும். அது யாரோ ஒருவருடைய கண்ணில் விழப்போகிறது.

அந்த அறையைத் துடைக்கக் கற்றுத்தருபவர் ஹசீனா. வயது முப்பத்துநான்கு. எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். ஐம்பத்துமூன்று வயது வரதராஜுலுவுக்கும் டீச்சர்தான். தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தும், ஹசீனாவிடம் மூன்று வாரம் பயின்று தேறிய பிறகுதான் வரதராஜுலு உள்ளே காலெடுத்து வைக்க முடிந்தது. அந்த மூன்று வாரத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

ஹசீனா கைகழுவும் தொட்டியைக் காட்டினார்.

“முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.”

ஹசீனா மறுபடியும் தொட்டியைக் காட்டினார்.

வரதராஜுலு கை கழுவினார். தொப்பி போட்டார். முகக்கவசம் கட்டினார். வெள்ளை உடுப்புக்குள் ஒரு காலை விட்டு, மறு காலை விடுவதற்குள் துடைப்பு வேலை பார்க்கும் குணவதியின் நினைவு வந்துவிட்டது. உடுப்பு தரையில் பட்டது.

ஹசீனா வேறொரு உடுப்பை எடுத்து நீட்டினார்.

கோபக்காரர்களுக்கு அந்த உடுப்பு சரிப்பட்டு வராது. மூன்றாவது உடுப்பில்தான் அவர், க்ளீன் ரூம் விதிகளே நடக்கும் பயிற்சி அறைக்குள் போனார்.

“இப்பச் சொல்லுங்க சார்.”

“நிரப்புற ஊசி வரிசைக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கில்ல. அதைத் தொடைக்கிறது குணவதி வேலை. தொடச்சாச்சுன்னு கையெழுத்தும் போடுறா. அப்புறம் நான் போய் ஸ்வாப் எடுத்துப் பாக்கறேன். திங்கக்கிழமை ஒரு இழை. செவ்வாக்கிழமை ஒரு இழை. நேத்து ஒரு இழை.”

ஸ்வாப் என்றதும் காது குடையும் பஞ்சுக்குச்சியை நினைத்துவிடக் கூடாது. வரதராஜுலு காதில் விழுந்தால் அதற்குத் தனியாக ஒரு கோபம் வரும். இது நீண்ட பிளாஸ்டிக் குச்சி. நுனியில் தட்டையான, நெருக்கமாகப் பின்னிய துணித்தலை. அதைக் கொண்டு ஓர் இடத்தைத் துடைத்து, சுத்த நீரில் அலசி, அந்த நீரை வடிதாளில் வடித்து, தாளை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைப்பார்கள். அங்கே இருந்தது என்னவென்று தாள் சொல்லிவிடும்.

“தாள் பொய் சொல்லாது டீச்சர். காலையிலயே எல்லார் முன்னாடியும் அவ பேரைப் படிச்சாச்சு. ஒண்ணரை மணிக்கு விசாரணை. இந்த மாசம் அவளைப் பர்மனென்ட் ஆக்கறதா இருந்தாங்க. ஆறு வருஷமா கான்ட்ராக்ட்ல இருந்தவ, இன்னும் ஒரு வாரம் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கக் கூடாதா? இன்னைக்கோட அவ கதை முடிஞ்சுது. நீங்க பயிற்சி குடுத்தவங்க. நீங்களும் ஒரு கையெழுத்துப் போடணும்.”

இழை உதிரும் காகிதத்தை உள்ளே கொண்டுவர முடியாதாகையால், சன்னலுக்கு அந்தப் பக்கம் மேசைமேல் வைத்திருந்த அறிக்கையைக் கண்ணால் காட்டினார்.

“அந்தப் பள்ளத்தைக் குணவதி அக்கா எதால தொடைக்கிறாங்க?”

“அதை நான் எதுக்கு அவகிட்ட கேக்கணும்?”

ஹசீனா ஒரு தட்டை முன்னே நகர்த்தினார். அதில் நான்கைந்து விதமான ஸ்வாப்கள்.

“எடுங்க.”

“எனக்கே பரீட்சையா?”

“எடுங்க சார்.”

அவர் எடுத்தார். எடுத்துக்கொண்டே ஒப்பித்தார். “பஞ்சு இழை விடும், ஆகாது. நுரைத்தலை நம்ம சுத்தம் பண்ற சால்வென்ட்டுக்குத் தாங்காது. இதோ, பாலியெஸ்டர் பின்னல். ஓரம் சூடு வெச்சு ஒட்டினது. அதனால நூல் பிரிஞ்சு வராது. போதுமா?”

“தொடச்சுக் காட்டுங்க.”

பயிற்சிக்கென்று ஒரு எஃகுத் தகடு இருந்தது. வரதராஜுலு ஸ்வாப்பை ஈரமாக்கினார், சொட்டாத அளவுக்கு. ஒரே பக்கமாக இழுத்தார். போன தடத்தின்மேல் கொஞ்சம் ஏறும்படி அடுத்த தடம். தலையைத் திருப்பி, மறுமுகத்தால் குறுக்கே இழுத்தார். துடைத்த இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அழகாகவே இருந்தது.

அலசினார்கள், வடித்தார்கள், பார்த்தார்கள். தாள் வெறுமையாக இருந்தது.

“பாத்தீங்களா?” என்றார் வரதராஜுலு. “என் கையில தப்பு இல்ல.”

“இல்ல” என்றார் ஹசீனா. “இப்ப, அந்தப் பள்ளத்துல எப்படிச் செஞ்சீங்களோ அதே மாதிரி செய்ங்க.”

“அதுவா? அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்.”

அவர் கோபம் சட்டென்று இறங்கி, அந்த இடத்தில் பெருமை ஏறி உட்கார்ந்தது.

“அந்தப் பள்ளம் ரொம்பக் குறுகல். இந்தத் தலை உள்ள போகாது. குணவதி மாதிரி ஆளுங்க போகலைன்னா மேலோட தடவிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. நான் விடுவேனா?”

பை பிரிக்க வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தார். அதுவும் சுத்தம் செய்யப்பட்ட கத்தரிக்கோல்தான், அதில் அவர் கறார். புது ஸ்வாப்பின் தலையை இரண்டு பக்கமும் சீவினார். அகலம் பாதியானது.

“இப்ப மூலைமுடுக்கெல்லாம் போகும்.”

ஹசீனா அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. அதில் வரதராஜுலு பாராட்டைத் தேடினார்.

ஹசீனா அலமாரியைத் திறந்து, முத்திரை உடைக்காத ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே புதுக் கண்ணாடித் தகடு. சுத்தம் என்று சான்றிதழோடு வந்தது. மனிதக் கை படாதது.

“இதைத் தொடைங்க.”

“இது புதுசாச்சே.”

“தொடைங்க சார்.”

துடைத்தார். அலசினார்கள், வடித்தார்கள், தாளை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார்கள்.

வரதராஜுலு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

சுருண்ட ஓர் இழை கிடந்தது.

“பாத்தீங்களா அநியாயத்தை?” என்றார். “கண்ணாடி விக்கிறவன் சான்றிதழ் குடுத்து ஏமாத்தியிருக்கான். இந்த லாட்டையே திருப்பி அனுப்பணும். நானே கடிதம் எழுதறேன்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கூடத்தைக் கட்டியவன்மேலும் வழக்குப் போடக்கூடிய ஆள் வரதராஜுலு.

ஹசீனா வேறொரு ஊரிலிருந்து வந்த வேறொரு பொட்டலத்தைப் பிரித்தார். வரதராஜுலு இன்னொரு ஸ்வாப்பைச் சீவித் துடைத்தார்.

இந்த முறை இரண்டு இழைகள்.

“இதை யார் தொடச்சுக் கையெழுத்துப் போட்டது?” என்று கேட்டார் ஹசீனா.

“யாரும் இல்ல.”

ஹசீனா மூன்றாவது கண்ணாடியைப் பிரித்தார். சீவாத ஸ்வாப் ஒன்றை வரதராஜுலு கையில் கொடுத்தார். துடைத்தார்கள். பார்த்தார்கள்.

ஒன்றும் இல்லை.

வரதராஜுலு மைக்ராஸ்கோப்பை விட்டு எழவில்லை. நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். தாளில் பார்க்க எதுவும் இல்லை, ஆனாலும் பார்த்தார்.

பிறகு, சீவிய ஸ்வாப்பை எடுத்து அதன் ஓரத்தை அந்த வெளிச்சத்தில் வைத்தார். ஒட்டியிருந்த விளிம்பு போய்விட்டிருந்தது. அறுபட்ட பின்னலின் நூல்முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன.

“குறுகல் தலை ஸ்வாப் ஸ்டோர்ல இருக்கு” என்றார் ஹசீனா. “அந்தப் பள்ளத்துக்குன்னே வாங்கினது. குணவதி அக்காதான் வேணும்னு கேட்டு, நாலு மாசம் நச்சரிச்சு வாங்கினாங்க. அதாலதான் அவங்க தொடைக்கிறாங்க.”

வரதராஜுலு சீவிய ஸ்வாப்பைத் தட்டில் வைத்தார்.

அறைக்கு வெளியே வந்து உடுப்பைக் கழற்றிய பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. வந்த குரலில் மறுபடியும் கோபம் இருந்தது.

“வெட்டக் கூடாதுன்னு நீங்க எனக்குச் சொல்லித் தரவே இல்லையே டீச்சர்.”

“இல்ல” என்றார் ஹசீனா. “ஒருத்தர் வெட்டுவாருன்னு எனக்குத் தோணல.”

ஹசீனா பயிற்சிப் பதிவேட்டைத் திறந்தார். எழுதினார். எழுதியதை வரதராஜுலு பக்கம் திருப்பி வைத்தார்.

‘ஸ்வாப்பின் தலையை வெட்டக் கூடாது என்று நான் வரதராஜுலு அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. பயிற்சியில் இது என் குறை. ஹசீனா.’

வரதராஜுலு அதைப் படித்தார். இப்படி ஒன்றை அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நின்ற ஆள் திடீரென்று கதவைத் திறந்துவிட்டால் எப்படி நிற்பது?

மணி ஒன்று பத்து.

“சரி” என்றார் மெல்ல. “விசாரணையில நானே சொல்லிடறேன். சோதனை கொஞ்சம் சந்தேகத்துக்கு இடமா இருக்கு, அதனால வேலையை விட்டு எடுக்க வேண்டாம், ஒரு எச்சரிக்கை குடுத்து விட்டுடலாம்னு.”

“எச்சரிக்கை எதுக்கு சார்?”

“ஒரு பேச்சுக்கு.”

“செய்யாத தப்புக்கு ஒரு பேச்சுக்கு எச்சரிக்கையா?” அன்று முதல்முறையாக ஹசீனாவின் குரல் உயர்ந்தது. “அது அவங்க ஃபைல்ல ஏறும். பர்மனென்ட் நின்னுபோகும். மூணு வருஷம் கழிச்சு வேற ஒரு அதிகாரி அதைப் புரட்டிப் பாத்து, ஏற்கெனவே ஒரு புகார் இருக்கேன்னு சொல்வாரு. நீங்க பேச்சுக்குச் சொன்னது அவருக்கு எப்படித் தெரியும்?”

வரதராஜுலு தன் அறிக்கையை எடுத்தார். ‘குணவதியின் அலட்சியத்தால்’ என்று தொடங்கிய பத்தியை ஒரே கோடாக அடித்தார். கீழே எழுதினார்: ‘ஸ்வாப்பில் ஏற்பட்ட குறைபாட்டினால்.’

ஹசீனா எட்டிப் பார்த்தார்.

“ஸ்வாப் தன்னைத்தானே வெட்டிக்கிச்சா?”

பேனா நின்றது.

வெளியே கேன்டீன் பாத்திரங்களைக் கழுவும் சத்தம் கேட்டது. முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் எழுதிய அறிக்கைகள் ஒரு பீரோ நிறைய இருக்கும். அவற்றில் எந்த வாக்கியமும் ‘நான்’ என்று தொடங்கியதில்லை.

அந்த வரியையும் அடித்துவிட்டு, எழுதினார்.

‘நான் ஸ்வாப்பின் தலையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். மூன்று இழைகளும் அதிலிருந்து வந்தவை. குணவதி துடைத்த இடம் சுத்தமாக இருந்தது.’

கையெழுத்துப் போட்டார். ஹசீனாவைப் பார்த்தார். ஹசீனா கதவைக் காட்டினார்.

விசாரணை அறைக்கு வெளியே, பெஞ்சின் ஓரத்தில் குணவதி உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. லாக்கர் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகும்படி காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அது அவள் உள்ளங்கையில் இருந்தது. அழுத முகமாகத் தெரியவில்லை. அழப்போகிற முகமும் இல்லை.

வரதராஜுலு உள்ளே போகவில்லை. காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

“மேனேஜர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நீ படிச்சிடும்மா.”

அவள் படித்தாள். அடித்த வரிகளையும் விடாமல் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“தப்பு என்னோடதுதாம்மா” என்றார் வரதராஜுலு. “மனசுல வெச்சுக்காத. உள்ள போய் நான் சொல்லிடறேன். உனக்கு ஒண்ணும் ஆகாது.”

குணவதி எழுந்து நின்றாள். காகிதத்தை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

“காலையில நாப்பது பேரு முன்னாடி, என் பேரைச் சத்தமாப் படிச்சீங்க சார். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்டு மாறும். ரெண்டு ஷிஃப்ட்டு ஆளுங்களும் வாசல்லதான் நிப்பாங்க. இதையும் அதே சத்தத்துல படிங்க.”