முதல் வரிசை, பதினேழாம் நாற்காலி

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் நின்று இந்த வழக்கைக் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமலே ஆளுக்கொரு பேச்சுப் பேசி இசக்கியம்மாளை ஏற்கெனவே போதுமான அளவு வறுத்தெடுத்துவிட்டார்கள்.

பாடகர் மாதவேந்திரன் இனி மேடை ஏறப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு, கடைசிக் கச்சேரியைத் திருநெல்வேலியில் வைத்தார். சீட்டு விற்பனை காலை பத்து மணிக்குத் தொடங்கியது; பத்து மணி நாலு நிமிடத்துக்கு முடிந்தது. அடுத்த அரைமணியில் அந்தக் கச்சேரிச் சீட்டுகள் ஆறு மடங்கு, பத்து மடங்கு விலைக்கு வெளியே தலைகாட்டின. பகல் கொள்ளைதான். கொள்ளையடித்தவன் முகமூடி போட்டிருந்தாலாவது கொஞ்சம் மரியாதை வைக்கலாம். இவர் ரசிகர் மன்றத் துண்டைத் தோளில் போட்டிருந்தார்.

பெயர் செந்தூர்பாண்டி, மன்றத்தின் மாவட்டச் செயலாளர். வசதியில்லாத ரசிகர்களுக்குக் கொடுங்கள் என்று மன்றத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கிய சீட்டுகளை அவர் ஒன்றுவிடாமல் விற்றார். தன் பெயரிலேயே பதிவாகியிருந்த முதல் வரிசைப் பதினேழாம் நாற்காலியைக்கூட விட்டுவைக்கவில்லை. அதை மட்டும் இரண்டு முறை விற்றார்.

முதலில் வாங்கியவள் ராஜகனி, நாசரேத்தில் தையல்கடை வைத்திருப்பவள். இருபது வருடமாக அவள் மெஷினுக்குப் பக்கத்தில் அந்தக் குரல்தான் பாடிக்கொண்டிருக்கிறது. அச்சிட்ட விலை ஆயிரத்து ஐந்நூறு. அவள் கொடுத்தது ஒன்பதாயிரம். பள்ளிச் சீருடை தைத்துச் சேர்த்த பணம். ஒரு வாரம் கழித்து அதே சீட்டின் படத்தைப் பெங்களூரில் வேலைபார்க்கும் கிஷோருக்கு அனுப்பி, பதினாறாயிரம் வாங்கிக்கொண்டார் செந்தூர்பாண்டி.

இசக்கியம்மாள் வாசல் பொறுப்பாளர். போன மாதம் வேறொரு நிகழ்ச்சியில் யாரோ ஒருவர் அழுதாரென்று சீட்டில்லாமல் உள்ளே விட்டுவிட்டாள். இன்னொரு முறை இரக்கப்பட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று நிகழ்ச்சி நடத்தும் கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அதனால்தான் இந்த முறை விதிகளைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதவைத்து வாசலிலேயே நிறுத்தியிருந்தாள். சீட்டில் பெயர் உள்ளவர் அடையாள அட்டையோடு வரவேண்டும். விலைக்கு விற்ற சீட்டு, விற்ற நேரம் முதலே யாருக்கும் செல்லாது. அப்படிச் செல்லாமல் போன இடம், கவுண்டர் வரிசையில் முதலில் நிற்பவருக்கு அச்சிட்ட விலைக்கே தரப்படும். பலகையில் இருந்தது இவ்வளவுதான். அதை யார் படித்தார்கள்?

மாலை ஐந்தரைக்கு ராஜகனி வந்தாள். சீட்டைச் சரிபார்க்கும் மெஷின் செந்தூர்பாண்டியின் பெயரைக் காட்டியது. இசக்கியம்மாள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருக்கும்போதே கிஷோர் அதே சீட்டோடு வந்து நின்றான். இருவரும் பணம் அனுப்பிய ரசீதை போனில் காட்டினார்கள். இரண்டிலும் பெற்றுக்கொண்டவர் செந்தூர்பாண்டி.

அந்த நேரம் பார்த்து அந்த மனிதரே வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை, உள்ளே பொன்னாடை. மேடையில் மன்றத்தின் சார்பில் அதைப் பாடகருக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் அவருக்குச் செயலாளர் பதவி எதற்கு? பெயர் பொருந்தாததால் வாங்கிய இரண்டு பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், நாற்காலி நமக்கே என்று கணக்குப் போட்டிருந்தார். கொஞ்சமும் கூசாமல் அடையாள அட்டையை நீட்டினார்.

"எக்கா, சீட்டுல யாரு பேரு? அட்டையில யாரு பேரு? பொறவு என்ன, வழிய விடுங்க."

"இவங்களுக்கு வித்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"வித்தேன். கெஞ்சிக் கேட்டாங்க, குடுத்தேன். பேர மாத்தியா குடுத்தேன்?"

இசக்கியம்மாளுக்கு அந்தப் பொன்னாடையாலேயே அவர் வாயை அடைக்கலாம் போலிருந்தது. ஆனால் பெயர் அவருடையது, அட்டையும் அவருடையது. மனசோ தையல்காரி பக்கம் நின்றது. மனசுப்படி நடந்தால் நாளைக்கு வேலை இருக்காது.

கிஷோர் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுக்கத் தொடங்கினான். இரண்டு பேரில் அதிகம் கொடுத்தவன் தான்தான், நாற்காலி தனக்கே என்று இங்கிலீஷிலும் தமிழிலும் கத்தினான். செந்தூர்பாண்டி கேமராவுக்கு முகத்தைக் காட்டி, மன்றத்துக்காகத் தான் செய்த தியாகங்களை எடுத்துவிட்டார். ராஜகனியோ பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தாள். பிறகு இசக்கியம்மாளின் முழங்கையைத் தொட்டாள்.

"கவுண்டர் எந்தப் பக்கம்க்கா?"

இசக்கியம்மாள் கை காட்டினாள். எல்லாம் விற்றுப்போயிற்று என்று ஊரே நம்பியிருந்ததால் கவுண்டர் முன்னால் ஒரு ஆள்கூட இல்லை. ராஜகனி அந்தப் பக்கம் நடந்தாள். இங்கே சத்தம் குறையவில்லை. உள்ளே தபேலாவைச் சுருதி சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். பெயர் உள்ளவர் ஒருவர், முதலில் வாங்கியவள் ஒருத்தி, அதிகம் கொடுத்தவன் ஒருவன். வேலையும் போகாமல், நியாயமும் கெடாமல், அந்தப் பதினேழாம் நாற்காலியை இசக்கியம்மாள் யாருக்குக் கொடுக்கவேண்டும்?

விடை: அந்தச் சீட்டை வைத்து மூவரில் யாரும் உட்கார முடியாது. விற்றேன் என்று செந்தூர்பாண்டி தன் வாயாலேயே சொன்னார். அவர் நீட்டிய அட்டையில் இருந்த பெயரும் ரசீதுகளில் இருந்த பெயரும் ஒன்றாகவே இருந்தன. ராஜகனியிடம் பணம் வாங்கிய அன்றே அந்தச் சீட்டு செத்துவிட்டது. பிறகு அது அவருக்கும் இல்லை, கிஷோருக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. ஆக, நாற்காலி கவுண்டருக்குப் போயிற்று. கவுண்டர் வரிசையில் முதல் ஆளாக, ஒரே ஆளாக, ராஜகனி நின்றாள். பஸ்ஸுக்கும் நூலுக்கும் வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்து, தன் பெயரில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு ஏன் தரவில்லை என்று கேட்ட கிஷோரிடம், "பலகை உங்க முன்னாலயும்தான தம்பி இருந்துச்சு" என்றாள் இசக்கியம்மாள். முதல் பாட்டு தொடங்கியபோது அவன் காவல் உதவி மையத்தில் புகார் எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுக்கச் சொல்லி, எதிரே செந்தூர்பாண்டியை உட்காரவைத்திருந்தார்கள். பொன்னாடை அவர் மடியில் பிரிக்காமலே இருந்தது.