சாய்ஞ்ச கோபுரத்து மணி

ஒரு ஊர்ல ஒரு கொத்தனார் இருந்தாராம். நம்ம ஊர்ல இல்ல குட்டி, கடல் தாண்டி, இங்கிலாந்துல. ராஜாக்கள் காலம். அவர் பேரு வில்கின். அவர் பொண்டாட்டி ஆவிஸ். ஊருக்கு ஒரு சர்ச் கட்டிட்டு இருந்தாரு. ம் சொல்லு.

அங்க மூலைக்கு வைக்க சதுரக்கல்லு கிடைக்காது. எல்லாம் வயக்காட்டுல பொறுக்கின உருண்டைக் கல்லு. அதனால கோபுரத்தையும் கிணறு மாதிரி வட்டமாவே கட்டினாரு. உச்சியில பெரிய மணி. ஆனா சுண்ணாம்பு இன்னும் காயல. "காயற வரைக்கும் யாரும் கயிறைத் தொடாதீங்க. ஆட்டினா கோபுரமே விழுந்துரும்"னு சொல்லி வெச்சாரு. முன்னாடி கட்டின கோபுரம் அப்படித்தான், தடதடதடன்னு விழுந்துச்சு.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம், சர்ச்சுக்குக் கூரை வேய நாணல் அறுக்கப் பொம்பளைங்க எல்லாம் சதுப்புக்குப் போனாங்க. ஆவிஸும் போனா. அப்போ பார்த்து குபுகுபுன்னு மூடுபனி. கால் தப்பினா சேறு, சளக்குனு உள்ள இழுத்துரும்.

ஊரே கரையில நின்னு "ஓஓஓய்"னு கத்துச்சு. பதில் இல்ல. தீ மூட்டினாங்க. பனி முழுங்கிருச்சு. அப்போ வில்கின் கோபுரத்தைப் பார்த்தாரு.

"எல்லாரும் தள்ளிப் போங்க"ன்னாரு. தனியா உள்ள போயி கயிறை இழுத்தாரு.

டாங்! டாங்!

சுவர் விரிசல் விட்டுச்சு. பொலபொலன்னு கல்லு உதிருது. டாங்! கோபுரம் கிர்ர்ர்னு ஒரு பக்கம் சாயுது. அவரு விடல.

ம் சொல்றியா? சரி.

அப்போ சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே ஒவ்வொருத்தியா வந்தாங்க. ஆவிஸ் நேரா உள்ள ஓடி வந்தா, முழங்கால் வரைக்கும் சேறு.

"நீ வந்துட்டியா! வெளிய ஓடு, விழப்போகுது!"

"மேரியன் கிழவி இன்னும் வரல. தனியா இழுத்து இழுத்து உங்க கையெல்லாம் பாருங்க, ரத்தம்! நகருங்க."

அவளும் கயிறைப் பிடிச்சா. ரெண்டு பேரும் சேர்ந்து, டாங்! டாங்! தலை மேல சுண்ணாம்பா கொட்டுது.

அப்புறம் பனிக்குள்ள இருந்து மேரியன் கிழவி மெதுவா வந்தா. முதுகுல நாணல் கட்டு, அதைக்கூட விடல. "யாருக்கு இன்னைக்குக் கல்யாணம்? இப்படி மணி அடிக்கிறீங்க!"ன்னா. ஆவிஸ் சிரிச்சா, அழுதா, ரெண்டும் சேர்ந்து வந்துச்சு. வில்கின் கயிறை விட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாரு.

கோபுரம் விழல. சாய்ஞ்சு நின்னுருச்சு. சாய்ஞ்ச பக்கம் ஊரே சேர்ந்து, விழாம தாங்கிக்கத் தடியா முட்டுச்சுவர் வெச்சாங்க. "இடிச்சுட்டு நேரா கட்டிடவா?"ன்னு வில்கின் கேட்டாரு.

"வேண்டாம்ப்பா, அது எங்களை எட்டிப் பார்க்கச் சாய்ஞ்சது"ன்னுட்டா மேரியன் கிழவி.

மணி ஓஞ்சாச்சு, எல்லாரும் வீடு வந்து சேர்ந்தாச்சு. நீயும் போத்திக்கிட்டு தூங்குடா கண்ணு.